லேபிள் இல்லாத ஒன்பது பொட்டலம்

சாயப்பொடிக் கடை நடத்துகிறவர்களிடம் யாரும் கை குலுக்குவதில்லை. நேற்று எந்தக் கலர் அதிகம் விற்றது என்பது இன்றைக்கும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையை நடத்துகிறேன். பேர் மல்லிகா. ஊருக்கு 'கெமிக்கல் அக்கா'. பட்டு நூலுக்கு ஏற்றுகிற சாயம், அசிட்டிக் ஆசிட், சோடா, கிளாபர் உப்பு, நூலை வெளுக்க வைக்கிற தண்ணி, எல்லாம் என்னிடம் கிடைக்கும். மருந்துக்கடை, பூச்சிமருந்துக் கடை, பட்டாசுக்கடை வைத்துக்கொண்டு, போலீஸ் ஜீப் தெருவில் திரும்பினாலே ஷட்டரைப் பாதி இறக்குகிற என் சக வியாபாரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள்.

லேபிளைக் கிழித்துக் கொடுக்கும் கடை

என் கடையில் சரக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வாங்கியவர் கையில் இருப்பது என்ன சரக்கு என்று வேறு யாருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொரு சாயக்காரருக்கும் பேர் சொல்ல ஒரு கலர் இருக்கும். எந்தப் பொடியை எதோடு கலந்து அந்தக் கலரைக் கொண்டுவருகிறார் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். அதனால் லேபிளைக் கிழித்துவிட்டு, வெறும் கவரில் போட்டு, வாயில் கலர் நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். சிவப்பு நூலில் ஒரு முடிச்சு என்றால் ஒன்று, இரண்டு முடிச்சு என்றால் வேறொன்று. ஆளுக்கு ஆள் முடிச்சு மாறும். ஒருத்தர் வாங்கியதை இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது என்பதுதான் என் கடையின் ஒரே சட்டம்.

இதில் அன்வர் தனி ரகம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இங்கே சாயம் போடுகிறார். அவருடைய வெங்காயத்தோல் கலருக்கு ஊரில் ஜோடி கிடையாது. காலை வெயிலில் ஒரு மாதிரி, சாயங்காலம் வேறு மாதிரி மினுங்கும். பக்கத்துத் தெரு தேவராஜ் அண்ணன் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அரக்கு போட்டால் அவர்தான் போட வேண்டும். ஆனால் வெங்காயத்தோல் அவருக்கு வாய்க்கவில்லை என்று பேச்சு. அன்வர் பட்டறை வாசலில் நூல் காயும்போது தேவராஜ் அண்ணன் சைக்கிள் மட்டும் அந்த இடத்தில் நடையைவிட மெதுவாகப் போகும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் நான் மறந்துபோய் ஒரு பொட்டலத்தில் லேபிளை அப்படியே விட்டுவிட்டேன். அன்வர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து அதை மேஜைமேல் வைத்தார். "என்னக்கா இது, இதுக்கு நீங்க மைக் வெச்சுத் தெருத்தெருவா சொல்லியிருக்கலாமே."

வெள்ளிக்கிழமை காலை

வடக்கே எங்கேயோ சிலரைச் சந்தேகத்தில் பிடித்தார்களாம். அவர்கள் தங்கியிருந்த வாடகை அறையில் கேன் கேனாக ரசாயனம் இருந்ததாம். உடனே எல்லா ஊரிலும் வாடகை இடங்களைப் பார்க்கச் சொல்லி உத்தரவு. யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டுச் சொல்லிவிட்டான். ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த அன்வரின் பட்டறைக்குப் போலீஸ் வந்தது. மூன்று கேன், ஒன்பது பொட்டலம். ஆள் பேர் அன்வர், இடம் வாடகை, பொட்டலத்தில் லேபிள் இல்லை. இந்த மூன்றில் எது பெரிய குற்றமாகப் பட்டிருக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அதே பட்டறையில் ஒரு ஆறுமுகம் இருந்திருந்தால், "லேபிள் ஒட்டி வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பறிமுதல் செய்தால் இரண்டு சாட்சி வேண்டும். வீட்டுக்காரம்மா ஒன்று. இன்னொன்றுக்கு இன்ஸ்பெக்டர் தெருவில் எட்டிப் பார்த்தாராம். காயும் நூலைப் பார்த்தபடி மெதுவாக ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அப்படி மாட்டினார் தேவராஜ் அண்ணன். ஒன்பது பொட்டலத்தையும் வரிசையாக வைத்து, "இதெல்லாம் என்ன?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். அன்வர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பிறகு தேவராஜைப் பார்த்தார். மனுஷன் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார். வீட்டுக்காரம்மா என்னிடம் அதை அப்படியே சொன்னார்: "அது ரகசியம் சார்."

டீக்கடை நிபுணர்கள்

அன்றைக்கு மத்தியானமே டிவியில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. நாலு கட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து, காஞ்சிபுரத்தில் சிக்கியது எவ்வளவு பயங்கரம் என்று வாதாடினார்கள். நாலு பேரில் ஒருத்தர்கூட அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததில்லை. அதனால் யாருக்கும் தயக்கமும் இல்லை. ஒருத்தர் ஒரு தெரு போகும் என்றார். அடுத்தவர் ஒரு வார்டு என்றார். மூன்றாமவர் விட்டுக்கொடுக்காமல் பாதி ஊரைக் கேட்டார்.

எங்கள் டீக்கடை அதையும் தாண்டிப் போனது. கோபுரம் தாங்குமா தாங்காதா என்று முதல் பிரச்சினை. அது எத்தனையோ பார்த்தது, தாங்கும் என்று தீர்மானமானது. அடுத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? மாகறல் பக்கமா, வாலாஜாபாத் பக்கமா? நான் பால் வாங்கப் போனவள், பொறுக்க முடியாமல், "யோவ், அதுல ஒண்ணு உப்பு, மிச்சம் சாயம். என் கடையில வாங்கினது" என்றேன். "உங்களுக்குத் தெரியாதுக்கா, டிவியில சொல்றாங்க" என்று என்னையே அடக்கிவிட்டார்கள். கடைசியில் காற்று வாலாஜாபாத்துக்குத்தான் என்று முடிவாயிற்று. மூலையில் இருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "அங்க என் மச்சான் இருக்கிறான்பா, ஒரு போன் போட்டு சொல்லிட்டு வந்துடறேன். டீயை மூடி வை, ஆறிடப் போவுது."

சரியான விடைகள்

ஊரிலேயே ஒரு நிபுணர் கருத்து வேண்டும் என்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரங்கநாதன் சாரைப் போலீஸ் கூட்டிவந்தது. கல்லூரியில் எனக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவர், ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிறது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அப்பாடா, அன்வர் தப்பித்தார் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் கேட்டாராம், இது ஆளைக் கொல்லுமா? போதுமான அளவு குடித்தால் கொல்லும் என்றாராம் சார். தீப்பிடிக்குமா? தகுந்த சூழ்நிலையில் பிடிக்கலாம். வேறு எதோடாவது சேர்த்தால் ஆபத்தா? எதோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாபர் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, அந்தக் காலத்தில் இதைப் பேதிக்குக் கொடுப்பார்கள் என்று வரலாறும் சொல்லியிருக்கிறார். 'உட்கொண்டால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வெள்ளைப் பொடி' என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை சார் வீட்டுக்கே போனேன். பூஜை முடித்து வெளியே வந்தார். "ஏன் சார், இதெல்லாம் பட்டுக்குச் சாயம் போடற சரக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார், பாவம். "அதை அவர் கேட்கவே இல்லையேம்மா."

திடீர் லேபிள் மோகம்

இருபத்திரண்டு வருஷமாக லேபிளைக் கிழிக்கச் சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஒரே நாளில் லேபிள் கேட்டு வந்தார்கள். பெரிதாக எழுது, தமிழில் எழுது, கடை முத்திரை குத்து. ஒருத்தர் வீட்டிலிருந்த பழைய பொட்டலங்களைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் கொட்டினார். அன்வரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பேர் எழுதிக் கொடுத்த பிறகும் திருப்தியில்லை, நகராமல் நின்றார். "பேரு கிடக்குது விடுங்கக்கா. இது வெடிக்காதுன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

ஷமீம் வந்தாள்

சனிக்கிழமை மத்தியானம் அன்வரின் மனைவி ஷமீம் கடைக்கு வந்தாள். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் யாரோ என்னவோ கேட்டு, அழுதுகொண்டு வந்துவிட்டதாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அன்வரை மேல்விசாரணைக்குச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அங்கே போய்விட்டால் எப்போது திரும்பி வருவார், எப்படித் திரும்பி வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"அவர்தான் வாயைத் திறந்து சொல்லிடலாமேம்மா" என்றேன். அதைத்தான் அவளும் ஸ்டேஷனில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அவர் கணக்கு வேறு. சொன்னால் எழுதுவார்கள், எழுதினால் சாட்சி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி தேவராஜ். எப்படியும் சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று வெள்ளிக்கிழமை சொன்னார், சனிக்கிழமையும் அதையே சொல்கிறார். வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் சாயக்காரர்களைத் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஷமீம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீடே போனாலும் பரவாயில்ல, கலரு போவக் கூடாதுன்னு குந்திக்கினு இருக்கிற மனுஷனை வெச்சுக்கினு நான் என்னக்கா பண்ணுவேன்?"

சாட்சியா, குற்றவாளியா

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடைச் சட்டத்தை நானே உடைத்துவிடுவது என்று ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, மேலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனவர். மேஜைமேல் ஒரு படம் இருந்தது. ஒன்பது பொட்டலத்தின் முடிச்சுகளையும் பக்கத்திலிருந்து பெரிதாக எடுத்திருந்தார்கள். "இது ஏதோ சங்கேதக் குறின்னு மேல சந்தேகப்படறாங்க" என்றார். "அந்த முடிச்சையெல்லாம் போட்டது நான்தான் சார்" என்றேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பிய மாதிரிதான் தலையாட்டினார். ஆனால் எழுதவில்லை. கடைக்காரி தன் வாடிக்கையாளரைக் காப்பாற்றத்தான் பேசுவாள் என்று மேலே கேட்பார்களாம். ஊர் சாயக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்று கும்பிடு போட்டுவிட்டார்களாம். எழுந்து வாசல்வரை வந்து அனுப்பினார். "வித்தவங்க நீங்க, வாங்கினவர் அவரு. அவருக்கு ஆகாத ஆளா ஒரு சாயக்காரரைக் கூட்டினு வாங்க, அவர் சொல்றதை எழுதிக்கிறேன். இல்லைன்னா மேற்கொண்டு பேசினா உங்களையும் சேர்த்து ஜீப்புல ஏத்தச் சொல்லிடுவாங்கம்மா."

கொதிக்கிற தொட்டி

அன்வருக்கு ஆகாத சாயக்காரர் என்றால் ஊரில் ஒரே ஆள்தான். நேராகத் தேவராஜ் அண்ணன் பட்டறைக்குப் போனேன். கொதிக்கிற தொட்டியில் நூல் கட்டுகளைக் கழியில் மாட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்வர் வாயைத் திறக்காததுக்குக் காரணம் நீங்கதாண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சிடும்னுதான் மூணு நாளா உள்ள கிடக்கிறார். நாளைக்குச் சென்னைக்கு ஏத்தறாங்க. அவர் பொண்ணு அழுது அழுது காய்ச்சல்ல கிடக்குது. நீங்க வந்து அது சாயந்தான்னு சொன்னா போதும்."

அவர் நிமிரவே இல்லை. ஆவியில் முகமும் சரியாகத் தெரியவில்லை. கழி மட்டும் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நிமிஷம் நின்றேன். மூன்றாவது நிமிஷம் என் வாயில் வந்த வார்த்தையை எழுத முடியாது, அதையும் கேட்டுக்கொண்டார். "நூலு வெந்நீர்ல இருக்குதும்மா. இப்ப கையை எடுத்தா திட்டுத்திட்டா புடிச்சிடும். நீ போ."

திங்கட்கிழமை, ஒன்பதரை

நானும் ஷமீமும் எட்டு மணிக்கே ஸ்டேஷன் வாசலில் நின்றோம். ஒன்பதரைக்கு ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்கள். அன்வரை வெளியே கூட்டிவந்தார்கள், மூன்று நாள் தாடியோடு. அப்போது அந்தச் சைக்கிள் வந்தது. என் வாழ்நாளில் தேவராஜ் அண்ணன் அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் பையோடு நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், "அந்தப் பொட்டலத்தைக் கொண்டாங்க சார், சொல்றேன்" என்றார்.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று கேனையும் தூரத்திலிருந்தே மோந்து பேர் சொன்னார். பொட்டலங்களை ஒவ்வொன்றாக விரலில் தொட்டு, ஈரத் துணியில் தேய்த்துக் காட்டினார். இது ஆரஞ்சு, இது ரோஸ், இது உப்பு, கலர் ஒரே சீராக ஏறுவதற்கு. எட்டும் சரி. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அன்வர் முகத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தது. மூன்று நாளாக எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாரோ அதை அந்த ஆள் மார்க்கெட்டில் காய்கறிப் பேர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவதற்கு வந்தார். கிள்ளிப் பார்த்தார். "இது பாத்திரம் கழுவுற சரக்கு சார். கலர்ல சேராது" என்று ஓரமாகத் தள்ளிவிட்டார். நான் அன்வரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பதாவதில்தான் வெங்காயத்தோலின் மொத்த மினுமினுப்பும் இருக்கிறது. அது என்னவென்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

பையிலிருந்து ஒரு நூல் கட்டை எடுத்தார் தேவராஜ் அண்ணன். "வெள்ளிக்கிழமை பார்த்ததை வெச்சு, இந்த எட்டையும் போட்டு நேத்து சாயங்காலம் நான் புடிச்சது. பக்கத்துல அவன் நூலை வெச்சுப் பாருங்க." இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே போன் பேசினார், எழுதினார், கையெழுத்து வாங்கினார், இனி லேபிள் ஒட்டச் சொன்னார். பதினொன்றரைக்கு அன்வரை விட்டார்கள். ஷமீம் சத்தமில்லாமல் அழுதாள், எனக்கும் அடக்க முடியவில்லை. வாசலில் அன்வர் தேவராஜிடம் நின்று, "வரேண்ணே" என்றார். பதினைந்து வருஷத்தில் முதல் வார்த்தை. தெருமுனை திரும்பியதும் என் பக்கம் குனிந்தார், முகத்தில் மூன்று நாள் களைப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அந்த நூலைப் பார்த்தீங்களாக்கா, பழுப்படிக்குது. ஒம்போதாவது எதுக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியவே இல்ல."

புதன்கிழமை வந்த வாடிக்கையாளர்

அன்வரிடம் அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, இதைப் படிக்கிற நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஏனென்றால் அந்த ஒன்பதாவது பொடியை இரண்டு வருஷமாக என்னிடம் வாங்குகிற இன்னொருத்தர் உண்டு. புதன்கிழமை அவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, வழக்கம்போல் அதையே கேட்டார்.

"பாத்திரம் கழுவவாண்ணே?" என்றேன். தேவராஜ் அண்ணன் கொஞ்சம் நெளிந்தார். அந்தக் கலர் அவருக்கு வந்துவிட்டது, வந்து இரண்டு வருஷமாகிறது. போட்டுப் பார்ப்பார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், பிறகு அதன்மேலேயே அரக்கு ஏற்றிவிடுவார். ஊரில் அதை அன்வர் கலர் என்றுதான் சொல்கிறார்கள், அதைத் தன் பேரில் விற்பதா என்று கேட்டார். "அப்போ நேரா ஒம்போதையும் சொல்லியிருக்கலாமே. ஏன் வேணும்னே நூலைக் கெடுத்துக்கினு வந்தீங்க?" என்றேன். பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மூணு நாளு அதுக்காகத்தாம்மா உள்ள குந்திக்கினு இருந்தான். வெளிய வரும்போது அவனுக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வெச்சு அனுப்ப வேணாமா?"

ஆகவே நிபுணர்களே, என் கடையில் ஆபத்தான சரக்கு எது என்று இனி யாராவது கேட்டால், அன்வருக்குத் தெரியாமல் தேவராஜும் தேவராஜுக்கு அது தெரியும் என்று அன்வரிடம் சொல்ல முடியாமல் நானும் பொத்தி வைத்திருக்கிற அந்த ஒரு பொட்டலம்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.